பிராக்டிகம் (பள்ளியில செய்யற கற்பித்தல் பயிற்சி) முடிஞ்சிருச்சு, ஆனா கதைப் புத்தகம் கையில நிக்க மாட்டேங்குது. நீங்கல்லாம் எப்படி திரும்ப படிக்க ஆரம்பிச்சீங்க?

சிப்புட்_பொண்ணு

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவுல பேராக் மாநிலம், சுங்கை சிப்புட், பொறந்து வளந்தது லிந்தாங் பக்கம் தோட்டத்துல, லயத்த (தோட்டத்து வரிசை வீடு) விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்து கொஞ்ச வருசம்தான் ஆச்சு. ஐபிஜில (ஆசிரியர் பயிற்சிக் கழகம்) தமிழ்ப் பிரிவு கடைசி வருசம். கடைசி பிராக்டிகம் இப்பதான் முடிஞ்சிச்சு, இன்டர்ன்ஷிப் ஆரம்பிக்கறதுக்குள்ள வீட்டுல கொஞ்சம் லீவு.

விசயம் என்னன்னா எனக்கு கதை படிக்க முடியல. படிக்கற பழக்கம் இல்லாதவ கெடையாது, படிவம் 2லயே பாட்டி வீட்டு அலமாரியில கெடந்த நாவலுங்கள ஒன்னு விடாம முடிச்சவ, பள்ளிக்கூட பஸ்ல போறப்பயும் வர்றப்பயும் படிச்சிக்கிட்டே போவேன், செம்பனைக் காடு எப்ப முடிஞ்சு டவுன் எப்ப வந்துச்சுன்னே தெரியாது.

எனக்கு கெடைச்சது தோட்டப்பள்ளி, 150 பேருக்கு கீழ உள்ள எஸ்கேஎம், அதான் குறைந்த மாணவர் பள்ளி. பிள்ளைங்க தங்கமான பிள்ளைங்க, அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா ஆசிரியர் கம்மி, யாராவது கோர்சுக்கு போயிட்டா ரிலீஃப் நம்மதான், ராத்திரி உக்காந்து நாள் பாடத்திட்டம் எழுதறது, மணிலா அட்ட வெட்டி லேமினேட் பண்றது, வகுப்பறை மதிப்பீட்டுக்கு மார்க் ஏத்தறது, விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வர்றாங்கன்னா அதுக்கு முந்தின ராத்திரி தூக்கமே கெடையாது. செமஸ்டர் முழுக்க நான் படிச்சது பாடநூல், கலைத்திட்ட ஆவணம், பிள்ளைங்க எழுதுன கட்டுரை, டெலிகிராம் குரூப்பு, அவ்ளோதான்.

சரி இப்ப லீவுதானேன்னு நேத்து ஒரு நாவல எடுத்தேன். முதல் அத்தியாயத்துல ஒரு அம்மா மழையில நனைஞ்சு வந்த மகனுக்கு தலைய தொவட்டி விடறாங்க, ரொம்ப நல்ல இடம். ஆனா என் மனசு அங்க நிக்கவே இல்ல. இத ஆண்டு 4 நன்னெறி பாடத்துக்கு பீடிகையா (பாடத் தொடக்கமா) போடலாமேன்னு ஓடுது. அடுத்த பக்கத்துல ஒரு மரபுத்தொடர் வந்துச்சு, கை தானா பென்சில தேடுது. அத்தியாயம் முடிஞ்சு புத்தகத்த மூடுனா "மாணவர்கள் பாட இறுதியில் நோக்கத்தை அடைந்தனர்"னு பாடம் முடிஞ்சதும் சிந்தனை மீட்சி எழுதுவோமே, அந்த வாக்கியம் வந்து நிக்குது. அந்த அம்மாவும் மகனும் எங்க போனாங்கன்னே தெரியல. எனக்கு அழுகையே வந்துருச்சு.

பள்ளியில ஒருத்தவங்க வேற, கதைப் புத்தகம் படிக்க நேரம் இருக்குன்னா வேல சரியா செய்யலன்னு அர்த்தம்னு பேச்சுவாக்குல சொன்னாங்க. அது இன்னும் காதுல நிக்குது.

கேள்வி இதுதான். உங்கள்ல டீச்சரா இருக்கறவங்க, டீச்சரா இருந்தவங்க, எப்படி திரும்பி வந்தீங்க? சிறுகதையில தொடங்கணுமா நாவலா? இங்க தமிழ்ப் புத்தகம் தேடி வாங்கறதும் செரமம், ஹென்போன்ல படிக்கறது சரி வருமா? இப்பவே இப்படின்னா போஸ்டிங் கெடைச்சதுக்கு அப்புறம் மொத்தமா போயிருமோன்னு பயமா இருக்கு.

---

டீச்சர்_கோலகங்சார்

தங்கச்சி, மொதல்ல அந்த பேச்ச காதுலேர்ந்து எடுத்துப் போட்டுரு. நான் தோட்டப்பள்ளியிலயே வேல செஞ்சு வயசாகி ரிட்டயர் ஆகப்போறவ, நல்லா பாடம் நடத்துற ஆசிரியர்னு நான் மனசுக்குள்ள வச்சிருக்கற பேருங்க அத்தன பேரும் படிக்கறவங்கதான். கதை தெரியாத டீச்சர்கிட்ட ஆண்டு 1 பிள்ளைங்க எத்தன நிமிசம் உக்காருவாங்க?

உனக்கு ஆச போகல. ஆச போயிருந்தா அழுகை வந்திருக்காது. நடந்தது வேற. செமஸ்டர் முழுக்க நீ எத படிச்சாலும் அதுலேர்ந்து எதையாவது பிடுங்கி எடுக்கணும்னுதான் படிச்சிருக்க, இந்த பத்தியில கருத்து என்ன, இந்த பிள்ளை எந்த அடைவுநிலை, இதுக்கு உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்ன போடலாம். கண்ணு அதுக்கு பழகிருச்சு, லீவு விட்ட மறுநாளே மாறுன்னா மாறாது. எனக்கு வருசக் கடைசி லீவுல மொத வாரம் இப்பவும் அப்படித்தான், அப்புறம் தானா விலகிரும்.

நான் செய்யறது என்னன்னு சொல்றேன், பிடிச்சா செய். வகுப்புக்கு கொண்டு போகவே முடியாத புத்தகமா எடு. கொலை, துப்பறியற கதை, பேய்க்கதை, பஸ் ஸ்டேசன்ல விக்கற மாத நாவல், எதுவா இருந்தாலும் பரவால்ல, நன்னெறிக்கு ஒரு பீடிகையும் அதுலேர்ந்து எடுக்க முடியாதுன்னு மனசுக்கு தெரியணும். இலக்கியம்னு தொடங்காத. நல்ல புத்தகம் படிக்கணும்ங்கற நெனப்பே இன்னொரு வேல ஆயிரும்.

ரெண்டாவது, ஏற்கெனவே படிச்சத திரும்ப படி. நீ சொன்ன பாட்டி வீட்டு அலமாரி இருக்கே, அத தெற. கதை முடிவு தெரியும், ஆளுங்கள தெரியும், யார் யாருக்கு என்ன ஒறவுன்னு மண்டைய ஒடைக்க வேணாம், எந்த பக்கத்துல வேணாலும் நொழஞ்சு எந்த பக்கத்துலயும் எந்திரிச்சு போலாம். பதினாலு வயசுல அழுத இடத்துல இப்ப அழுகை வராது, அப்ப தாண்டிப் போன ஒரு வரியில போய் நிப்ப, அந்த நிக்கறதுதான் உனக்கு இப்ப வேணும்.

முக்கியமான ஒன்னு, கணக்கு வைக்காத. நம்ம பிள்ளைங்கள நீலாம் வாசிப்புத் திட்டத்துல எத்தன புத்தகம் படிச்சன்னு ஐன்ஸ்ங்கற இணையப் பதிவுல பதிய வைக்கறோம், அது அவங்களுக்கு, அது நம்ம வேல. உன் படிப்ப எங்கயும் பதியாத. கோடு போடாத, பக்கத்த படம் பிடிச்சு ஸ்டேட்டஸ்ல போடாத, பென்சில வேற ரூம்ல வச்சிட்டு வந்து உக்காரு. நான் சும்மா சொல்லல, பென்சில் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா நான் இன்னைக்கும் திருத்த ஆரம்பிச்சிருவேன்.

எப்ப படிக்கறதுன்னா ராத்திரி வேணாம். ராத்திரிங்கறது உனக்கு இப்போ பாடத்திட்டம் எழுதற நேரம், நாற்காலியில உக்காந்தாலே ஒடம்பு அந்த வேலைக்குத்தான் தயாராவும். காலைல பசியாறிட்டு, ஹென்போன தொடறதுக்கு முன்னால, வாசல்ல உக்காந்து ரெண்டு பக்கம். ரெண்டு பக்கத்தோட மூடிட்டு போனாலும் சரி.

---

ஈப்போ_வாசகன்

டீச்சர் சொன்னதுல பாதிக்கு கை தூக்கறேன், சிறுகதையா நாவலாங்கற கேள்விக்கு யாரும் பதில் சொல்லல அதனால நான் சொல்றேன். நாவல். அதுவும் குண்டு நாவல்.

பிராக்டிகம் முடிச்சு அலுத்து போயிருக்கறப்ப எல்லாரும் சிறுகதை படி, சின்னது, சுலபம்னு சொல்வாங்க, எனக்கு அது ஒத்துக்கல. ஒவ்வொரு சிறுகதைக்கும் புது ஆளுங்க, புது ஊரு, புது தொனி, பத்து பக்கத்துல பழகறதுக்குள்ள முடிஞ்சிரும், அடுத்தத தெறந்தா மறுபடியும் மொதல்லேர்ந்து. ஒவ்வொரு பீரியடுக்கும் தெரியாத வகுப்புக்குள்ள ரிலீஃப் போற மாதிரி. நாவல்ல ஒருவாட்டி உள்ள போற கஷ்டம்தான், அப்புறம் அதே வீட்டுக்குத்தான் தெனமும் போற.

தொடர்கதையா வந்த நாவலா இருந்தா இன்னும் நல்லது. பொன்னியின் செல்வன எடுத்துக்க, கல்கி எழுதுனது, 1950லேர்ந்து 1954 வரைக்கும் கல்கி வார இதழ்ல வந்தது, அஞ்சு பாகம். அடுத்த வாரம் வாசகன் காசு குடுத்து இதழ் வாங்கணும்னா இந்த வாரம் அத்தியாயத்த எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சு எழுதிருக்காரு. அத்தியாயம் சின்ன சின்னதா இருக்கும், ஒவ்வொன்னு முடியறப்பயும் ஒரு கதவு தெறக்கும், இல்ல ஒரு ஓலை வரும், இல்ல யாரோ பின்னால நிப்பாங்க. கவனம் செதறி கெடக்கற ஆளுக்கு இதவிட நல்ல கட்டமைப்பு கெடையாது, இழுக்கற வேலைய நாவலே பாத்துக்கும், நீ சும்மா உக்காந்தா போதும். படம் பாத்துட்டேன் கதை தெரியும்னு சொல்லிடாத, வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில குதிரைய நிறுத்தி பாக்கற அந்த தொடக்கத்த எழுத்துல படிக்கறது வேற அனுபவம்.

புத்தகம் கெடைக்கறத பத்தி. மதுரைத் திட்டம்னு ஒன்னு இருக்கு, 1998லேர்ந்து தன்னார்வலருங்க தமிழ் நூலுங்கள தட்டச்சு பண்ணி இலவசமா போடறாங்க, சங்க இலக்கியத்துலேர்ந்து கல்கி வரைக்கும் இருக்கு. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்குன எழுத்தாளருங்க நூல் எல்லாம் எடுக்கறதுல ஒரு சிக்கலும் இல்ல. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துலயும் நெறைய இருக்கு, இபப் ஃபைலா எறக்கிக்க, ஹென்போன்லயே எழுத்த பெருசாக்கி படிக்கலாம்.

ஆனா ஹென்போன்ல படிக்கறியேன்னா ஏரோபிளேன் மோட் போட்டுரு. இது சின்ன விசயம் கெடையாது. மேல டெலிகிராம் சிவப்பு புள்ளி தெரிஞ்சிச்சுன்னா உன் மூள பள்ளிக்கு போயிரும், வந்தது என்ன செய்தின்னு நீ பாக்கலன்னாலும் போயிரும். முடிஞ்சா யாராவது வச்சு பழைய கிண்டில் கெடந்தா வாங்கிக்க, தமிழ் எழுத்து நல்லா வருது, குரூப்பு எதுவும் அதுல இல்ல.

இன்னொன்னு, ஒருநாள் ஈப்போ வா. துன் ரசாக் நூலகத்துல போய் உக்காரு. வீட்டுல உக்காந்தா மடிக்காத துணி கண்ணுல படும், பாதியில விட்ட கோப்பு கண்ணுல படும். அங்க சுத்தி இருக்கற எல்லாரும் படிச்சிக்கிட்டு இருக்கறப்ப நீயும் படிப்ப, அது எப்படியோ ஒட்டிக்குது. சிப்புட்டுலேர்ந்து அர மணி நேரம்தான்.

---

பழைய_கிராணி

மகளே, உன் கேள்விய என் பேத்தி படிச்சு காட்டுனா, பதில நான் சொல்லச் சொல்ல அவதான் தட்டறா, அதனால எழுத்துப்பிழை அவளோடது இல்ல என் அவசரத்தோடது.

நானும் உங்க ஊர்தான், துன் சம்பந்தன் பொறந்த ஊரு. எங்கப்பா பால்வெட்டு, நான் கடைசியில கிராணியா (தோட்டத்து ஆபீஸ் கணக்கப்பிள்ளை) இருந்து ஓய்வு பெத்தேன். எனக்கு படிப்பு ருசி எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், உனக்கு உதவுதான்னு பாரு.

அப்ப தோட்டத்துல முக்காவாசி பெரியவங்களுக்கு எழுத்து தெரியாது. டவுனுக்கு போற ஆளு ஞாயித்துக்கெழம தமிழ் நேசனோ முரசோ வாங்கிட்டு வருவாரு, ரெண்டு மூணு நாளு பழசானாலும் பரவால்ல. சாய்ங்காலம் சாமான் கடை பெஞ்சுல என்னைய உக்கார வச்சு படிடாம்பாங்க. சேதி படிக்கறப்ப ஆளுங்க வெத்தல போட்டுக்கிட்டு பேசிக்கிட்டு இருப்பாங்க. தொடர்கதைக்கு வந்தா மட்டும் எல்லாரும் கப்சிப். பத்து மணிக்கு இஞ்சின நிப்பாட்டிருவாங்க, கரண்டு போயிரும், அதுக்குள்ள முடிக்கணும்னு வேகமா படிப்பேன், மெதுவா படிடான்னு அதட்டுவாங்க.

படிச்சு முடிச்ச தொடர்கதை பக்கத்த எங்கம்மா கிழிச்சு எடுத்து வச்சிரும். வருசம் ஒன்னு ஆனதும் ஒன்னா அடுக்கி சாக்கு தைக்கற ஊசி, சணல் நூல் வச்சு ஓரத்த தைச்சு, அட்டைக்கு மாவு பையோட தாள ஒட்டும். அதுல ஒன்னு இன்னும் என்கிட்ட இருக்கு. கதைக்கு பின்பக்கம் பாதி சினிமா விளம்பரம், பாதி மரண அறிவிப்பு. ஓரம் பூரா எண்ணெக் கை பட்ட கறை, எங்கம்மாவுக்கு படிக்க தெரியாது, ஆனா படத்த பாத்து எந்த அத்தியாயம்னு சொல்லிரும்.

நான் சொல்ல வந்தது, அந்த பெஞ்சுல உக்காந்தவங்க யாரும் இந்த கதையோட கருத்து என்ன, படிப்பினை என்னன்னு என்னைய கேட்டதே இல்ல. "அப்புறம் என்னாடா ஆச்சு"ன்னு மட்டும்தான் கேப்பாங்க. உனக்கு இப்ப அந்த கேள்விதான் வேணும்மா, மத்த கேள்வியெல்லாம் உனக்கு அளவுக்கு மீறி ஆயிருச்சு.

அதனால என் யோசன, வாய்விட்டு படி. ஒத்தயா உக்காந்து கண்ணால ஓட்டறப்பதான் மனசு பாடத்திட்டத்துக்கு ஓடும், வாய்விட்டு படிச்சா ஓட முடியாது, நாக்கு அடுத்த சொல்லுக்கு காத்துக்கிட்டு இருக்கும். வீட்டுல பாட்டி இருக்காங்கன்னு தெரியுது, அவங்களுக்கு படிச்சு காட்டு. பெரியவங்களுக்கு சீரியல் போரடிச்சு போச்சு, கேக்க மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

எத படிக்கறதுன்னு கேட்டா, நம்ம மண்ணுல நடந்தத படி. அ. ரெங்கசாமி எழுதுன லங்காட் நதிக்கரை, ஜப்பான்காரன் காலத்தயும் அதுக்கு பிந்துன கம்யூனிஸ்டு காலத்தயும் ஆத்தங்கர சனங்கள வச்சு சொல்லிருப்பாரு. போர்க்காலத்துல ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பத்தியும் நினைவுச் சின்னம்னு எழுதிருக்காரு, அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு நம்ம தோட்டத்துலேர்ந்து போனவங்க எத்தன பேரு திரும்பி வரல, உங்க பாட்டிய கேட்டா ஒரு பேராவது சொல்லுவாங்க. 1948 ஜூன் 16ல எல்பில் தோட்டத்துலயும் பக்கத்து தோட்டத்துலயும் கம்யூனிஸ்டுங்க மூணு வெள்ளக்காரன சுட்டு அதுலேர்ந்துதான் அவசரகாலச் சட்டமே வந்துச்சு, அதெல்லாம் நீ பள்ளிக்கு போன அதே சடக்குலதான். ஊர் பேரு தெரிஞ்ச கதைய படிக்கறப்ப மனசு வெளிய போறதுக்கு வழி இல்ல, போனாலும் அங்கதான் சுத்தும்.

அப்ப நம்ம பத்திரிகைங்க சும்மா இல்ல. கு. அழகிரிசாமியே 1950கள்ல இங்க வந்து தமிழ் நேசன்ல இருந்தாரு, இங்க எழுதறவங்கள உக்கார வச்சு சிறுகதைன்னா என்னன்னு சொல்லிக் குடுத்தவரு. 1924ல தொடங்குன அந்த பேப்பர் 2019 சனவரியோட நின்னு போச்சு. நின்ன அன்னிக்கு வீட்டுல ஒருத்தர் தவறுன மாதிரிதான் எனக்கு இருந்துச்சு. ரப்பர அழிச்சு செம்பனை போட்டாங்க, லயம் காலியாச்சு, தோட்டத்து படிப்பகத்துல இருந்த புத்தகமெல்லாம் யார் யார் வீட்டுக்கோ போச்சு. கொஞ்சம் என் வீட்டுக்கு வந்துச்சு. உனக்கு வேணும்னா சொல்லு, தரேன்.

---

தஞ்சோங்மாலிம்_தம்பி

அக்கா, நானும் அதே படகுலதான், உப்சியில (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) தமிழ், போன செமஸ்டர்தான் என்னோட பயிற்சி முடிஞ்சிச்சு. ஐயா சொன்ன "அப்புறம் என்னாடா ஆச்சு" எனக்கு சட்டுனு ஒன்ன ஞாபகப்படுத்துச்சு.

கடைசி ரெண்டு வாரம் பாடத்திட்டம் எல்லாம் முடிஞ்சு பிள்ளைங்களும் களைச்சு போயிருந்தாங்க. ஆண்டு 5. பீரியடு முடிய பத்து நிமிசம் இருக்கறப்ப ஒரு சாகசக் கதைய வாசிச்சு காட்ட ஆரம்பிச்சேன். கேள்வித்தாள் இல்ல, கருத்து எழுது இல்ல, வாசிப்பேன், மணி அடிச்சா நிறுத்திருவேன். மூணாவது நாள் நான் வகுப்புக்குள்ள நொழயறப்பவே பின்வரிசையில உக்காந்திருக்கற ஒரு பையன், பாடநூல தெறக்கவே மாட்டான், அவன் எந்திரிச்சு சார் அவன் குகைக்குள்ள போனானா இல்லையான்னு கேக்கறான். வழிகாட்டி ஆசிரியர் அத பாத்துட்டு இத நாள் பாடத்திட்டத்துல எங்க எழுதுவன்னு கேட்டாரு, நல்ல மனுசன், கோவமா கேக்கல. எனக்கு பதில் தெரியல. ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த மீதிக் கதைய நான் எனக்காக படிச்சு முடிச்சேன், செமஸ்டர் முழுக்க நான் முடிச்ச மொத புத்தகம் அதுதான், சின்னப் பிள்ளைங்க புத்தகம்.

அதனால டீச்சர் சொன்ன வகுப்புக்கு கொண்டு போக முடியாத புத்தகமா எடுங்கறது எனக்கு ஒத்து வரல டீச்சர், மன்னிக்கணும். எனக்கு வகுப்பு வழியாதான் திரும்ப வந்துச்சு. வகுப்புல கதை இருக்கறது பிரச்சன இல்ல, கதைக்கு பின்னால கேள்வி வரிசையா நிக்கறதுதான் பிரச்சனன்னு எனக்கு படுது. ஆளுக்கு ஆள் வேறயா இருக்கலாம்.

அக்கா நீங்க இன்டர்ன்ஷிப் போறப்ப வாசிப்பு மூலைக்கு ஒரு நல்ல கதைப் புத்தகத்த கொண்டு போய் வச்சு மொதல்ல நீங்க படிங்க. பிள்ளைங்க ஓய்வு நேரத்துல டீச்சர் கதைப் புத்தகம் படிக்கறத பாக்கணும். எங்க பள்ளியில நான் பாத்தவரைக்கும் பிள்ளைங்க கண்ணுக்கு ஆசிரியர்னா ஒன்னு திருத்திக்கிட்டு இருப்பாங்க, இல்ல லேப்டாப்ப பாத்துக்கிட்டு இருப்பாங்க.

ஒலிப்புத்தகமும் நல்லா இருக்கு, யூடியூப்ல தமிழ் நாவல வாசிக்கறவங்க இருக்காங்க. நான் கேடிஎம் ரயில்ல வீட்டுக்கு போறப்ப கேப்பேன். மோட்டோ ஓட்டறப்ப மட்டும் வேணாம்.

---

டீச்சர்_கோலகங்சார்

தம்பி, மன்னிப்பெல்லாம் எதுக்கு, நல்லா சொல்லிருக்கீங்க. அந்த பையன் குகைய கேட்டான்ல, அத அப்படியே சிந்தனை மீட்சியில எழுதிருக்கலாம், எந்த மேற்பார்வையாளர் வந்து பாத்தாலும் அதவிட நல்ல சாட்சி இல்ல. பத்து நிமிசக் கதைய நான் அடுத்த வாரமே என் ஆண்டு 3ல செய்யறேன்.

தங்கச்சிக்கு ஒரு காசு விசயம். போஸ்டிங் கெடைச்சு வருமான வரி கட்ட ஆரம்பிச்சன்னா வாழ்க்கைமுறை விலக்குன்னு 2,500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் இருக்கு, புத்தகம் வாங்குன பில்லும் அதுல சேரும், எடுத்து வை. கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தக விழாவுக்கு வருசா வருசம் நாங்க சில டீச்சருங்க சேந்து ஒரு காடியில (கார்ல) போறோம், உனக்கும் எடம் இருக்கு.

---

சிப்புட்_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்ளோ பேரு இவ்ளோ நீளமா எழுதுவீங்கன்னு நெனைக்கல.

ஈப்போ அண்ணா, பொன்னியின் செல்வன எறக்கிட்டேன். கெணத்துல கல்ல போட்ட மாதிரி ஹென்போன் சத்தமே இல்லாம கெடக்கு, ஏரோபிளேன் மோட் நல்லாதான் வேல செய்யுது. ஆனா எனக்கு ரெண்டாவது அத்தியாயத்துக்கு மேல கண்ணு வலிக்குது, தாள்லதான் படிப்பேன்னு நெனைக்கறேன். சனிக்கெழம நூலகம் வரேன்.

கிராணி ஐயா, நீங்க சொன்னத அன்னிக்கே செஞ்சேன். லங்காட் நதிக்கரை எங்கிட்ட இல்ல, அலமாரியில இருந்த வேற ஒரு பழைய நாவல எடுத்து பாட்டிக்கு வாசிச்சேன், தோட்டத்துக் கதைதான். பாட்டி மொதல்ல கீரை ஆஞ்சிக்கிட்டே கேட்டாங்க. பெரட்டுக் களத்துல (காலைல ஆள் கணக்கெடுக்கற எடம்) தண்டல் (மேஸ்திரி) பேரு கூப்புடற கட்டம் வந்துச்சு, கீரைய வச்சிட்டு நிமுந்து உக்காந்தாங்க. இவன் எழுதுனது தப்பு, எங்க தோட்டத்துல காலைல அஞ்சு மணிக்கெல்லாம் தப்பு மேளம் அடிச்சிருவாங்க, அந்த இருட்டுல பேரு கூப்புடறப்ப மூஞ்சியே தெரியாது, கொரல வச்சுதான் யாரு வந்தா யாரு வரலன்னு தெரியும்னு சொல்லி, அவங்க கதைய ஆரம்பிச்சாங்க பாருங்க, நான் புத்தகத்த விரல் வச்சு மூடிட்டு அப்புறம் என்ன ஆச்சு பாட்டின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். நாவல் மூணு பக்கம்தான் நகந்துச்சு. பென்சில் ஞாபகமே வரல. இப்ப தெனமும் சாய்ங்காலம் நாலு மணி ஆனா பாட்டியே கூப்புடறாங்க, வாசிக்கலாம் வாடின்னு.

தம்பி, உங்க குகை கதை எந்த மாதிரி புத்தகம்னு தனியா சொல்லுங்க, என் பிள்ளைங்களுக்கு வேணும். நான் போக போறது அதே பள்ளிக்கா வேற பள்ளிக்கான்னு இன்னும் கடிதம் வரல, ஆனா எங்க போனாலும் அந்த பத்து நிமிசத்த எடுத்துக்கப் போறேன்.

ஐயா, அந்த ரயில் நாவல் உங்ககிட்ட இருக்குங்களா? பாட்டியோட பெரியப்பா சயாமுக்கு போனவராம், எனக்கே இப்பதான் சொல்றாங்க. வாசிக்கலாமா வேணாமான்னு கேட்டேன், வாசின்னுட்டாங்க. ஒரு மாசத்துல பத்திரமா திருப்பி குடுத்துருவேன்.

---

பழைய_கிராணி

இருக்குமா. ரெண்டும் இருக்கு. ஒரு மாசமெல்லாம் கணக்கு வேணாம், பாட்டி முடிக்கற வரைக்கும் வச்சுக்க.

ஆனா ரயில் கதைய கொஞ்சம் கொஞ்சமா வாசி, ராத்திரி படுக்கறதுக்கு முந்தி வாசிக்காத, வயசானவங்களுக்கு தூக்கம் போயிரும். பெரியப்பா பேரு, எந்த தோட்டத்துலேர்ந்து போனாரு, எந்த வருசம்னு பாட்டி சொல்றத அப்பவே ஒரு தாள்ல எழுதி வை, அதுக்கு மட்டும் பென்சில் எடுத்துக்கலாம்.

வெள்ளிக்கெழம சாய்ங்காலம் நான் டவுன் மாரியம்மன் கோயிலுக்கு வருவேன், பேத்தியும் கூட வருவா. ஆபீஸ்ல உன் பேரு எழுதி பையில குடுத்துட்டு போறேன், பூசை முடிஞ்சு வந்து எடுத்துக்க. அம்மா தைச்ச தொடர்கதையயும் உள்ள வைக்கறேன், அத மட்டும் மழையில கொண்டு போயிராத.